குஞ்சப்பனை இறக்கத்தில் தரைவரை போன பிரேக்: வீட்டிலேயே பராமரித்த ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காருக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அறுபதைத் தாண்டியவர். கார் ஒன்பது வருடத்துப் பெட்ரோல் ஹேட்ச்பேக்: முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமாவதற்கு முந்தைய மாடல். ஓடியது சுமார் 31,000 கிலோமீட்டர். வாரத்தில் சில நாள் கடைவீதி, மாதம் ஒரு தரமோ இரண்டு தரமோ கோயம்புத்தூர், அவ்வளவுதான் ஓட்டம்.

இலவச சர்வீஸ் முடிந்ததிலிருந்து வழக்கமான வேலைகளை அவரே வீட்டில் பார்த்துவந்தார். பணம் மிச்சம் என்பது ஒரு காரணம். சர்வீஸ் சென்டருக்குப் போய்வந்தால் ஒரு முழு நாள் போய்விடும் என்பது இன்னொன்று. அதைவிட, அவருக்கு இந்த வேலை பிடிக்கும். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கூலன்ட், பேட்டரி முனை சுத்தம் எல்லாமே ஒழுங்காக நடந்திருந்தன. டிரெய்ன் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுபவர். பழைய ஆயிலைத் தோட்டத்து ஓடையில் கொட்டாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப் டிரம்மில் சேர்ப்பவர். காசு வாங்கி வேலை செய்யும் இடங்களிலேயே இந்த இரண்டும் எல்லா நேரமும் நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருந்தார். செய்த வேலை, அப்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டர், அடுத்து எத்தனை கிலோமீட்டரில் என்று மூன்று கட்டம். பிரேக் ஆயில் மாற்றவேண்டிய வரிசையில் 40,000 என்று எழுதியிருந்தார். கையேட்டில் இருந்தது ‘இரண்டு ஆண்டு அல்லது 40,000 கி.மீ., எது முந்தியதோ’ என்பது. நோட்டில் தேதிக்குக் கட்டமே இல்லாததால் பின்பாதி மட்டும் ஏறியது. வருடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஓடும் காரில் அந்த 40,000 வருவதற்குள் பத்து வருடம் தாண்டிவிடும்.

முன்னால் தெரிந்த அறிகுறிகள்

சம்பவத்துக்கு ஒன்றரை வருடம் முன்பு, ஏற்றத்து வளைவுகளில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. ஹேண்ட் பிரேக் போட்டாலும் அதே விளக்கு, பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்கு. ஹேண்ட் பிரேக் சரியாக இறங்கவில்லை என்று முதலில் நினைத்தார். பிறகு பானட்டைத் திறந்து பார்த்தபோது பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இருந்தது. கொட்டகையில் எப்போதோ வாங்கிப் பாதி மிச்சம் வைத்த பாட்டில் இருந்தது. அதிலிருந்து மேல்கோடு வரை ஊற்றினார். விளக்கு அணைந்தது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். எங்கும் கசிவு இல்லாத காரில் பிரேக் ஆயில் குறைவதற்கு வழக்கமான காரணம், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடு தேய்வது. பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் கீழே இறங்கும். ஆக, ‘பேடைப் பார்’ என்றுதான் விளக்கு சொன்னது. ஆயில் ஊற்றியதும் அந்தத் தகவல் மறைந்தது. அதோடு, ஊற்றிய ஆயில் புதியதும் அல்ல. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம், ஈரம் ஏற ஏறக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். மூடி ஒருமுறை திறந்த பாட்டில், ஆறு மாதம் மூடுபனியும் மழையுமாக இருக்கும் ஊரில், மரக்கொட்டகை அலமாரியில் வருடக்கணக்கில் இருந்திருக்கிறது.

சில மாதம் கழித்து முன்சக்கரத்தில் கீச்சென்ற சத்தம். கழற்றிப் பார்த்தால் பேடு கிட்டத்தட்டத் தகடுவரை தேய்ந்திருந்தது. புதுப் பேடு வாங்கி வீட்டிலேயே மாற்றினார். பிஸ்டனை உள்ளே தள்ளியபோது மேலே நிரப்பிவைத்த ஆயில் வழிந்து ஓடியது. துடைத்தார், ஆனால் பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயின்ட் கொப்பளித்து உரிந்தது இன்றும் இருக்கிறது. கேலிப்பர் நகர்ந்துகொடுக்கும் பின்களுக்குக் கதவுக் கீலுக்குப் போடும் சாதாரண கிரீஸையே தடவினார்.

அதற்கடுத்த குளிர்காலத்தில், பிரேக் பிடித்தால் கார் இலேசாக வலது பக்கம் இழுத்தது. வலது முன்சக்கர ரிம்மில் மட்டும் கருப்புத் தூள் அதிகம் படிந்தது. டயரில் காற்று சமமாக இல்லை என்று நினைத்துக் காற்றைச் சரிபார்த்தார். காற்று சரியாகவே இருந்தது. மேற்கொண்டு பார்க்கவில்லை.

சம்பவம்

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல். மறுநாள் அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் கண் பரிசோதனை இருந்ததால் முந்தின நாளே மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். காரில் அவர், மனைவி, அம்மா. டிக்கியில் மகளுக்குக் கேரட்டும் பீட்ரூட்டுமாக ஒரு மூட்டை.

சீசன் நாட்களில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸார் திருப்பிவிடுவது நீலகிரியில் வழக்கம். ஊட்டியைக் காலிசெய்து இறங்கும் சுற்றுலா வண்டிகள் எல்லாம் அன்று இந்தப் பாதையில்தான். அரவேணு தாண்டியதிலிருந்து ஒரு பேருந்துக்குப் பின்னால் ஊர்ந்தார்கள். அவர் வழக்கமாக மூன்றாம் கியரில் இறங்குபவர். அன்றைய வேகத்துக்கு மூன்றாவது கியரில் இன்ஜின் பிடிப்பு போதாது. அதனால் கால் பிரேக்கிலேயே இருந்தது. அழுத்தி விடுவது குறைவு, தொட்டுக்கொண்டே வருவது அதிகம்.

கருகல் வாடை வந்தபோது முன்னால் போகும் பேருந்தின் வாடை என்று கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் உள்ள குஞ்சப்பனைக்குச் சற்று முன் ஒரு வளைவில் பெடல் மெத்தென்று உள்ளே போனது. அடுத்த அழுத்தில் தரையைத் தொட்டது. அவர் மூன்று நான்கு முறை வேகமாக அடித்து மிதித்ததில் கொஞ்சம் பிடிப்பு வந்தது. அதற்குள் இரண்டாம் கியர், பிறகு முதல் கியர். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தபடி சிறிது சிறிதாக மேலே இழுத்தார். பட்டனை விட்டு ஒரே இழுப்பாக இழுத்திருந்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வளைவில் வால் சுழன்றிருக்கும். மலைப்பக்கம் சாலை சற்று அகன்ற இடத்தில் மண்மேட்டை ஒட்டி கார் நின்றது. முன்பம்பரில் ஒரு கீறல். யாருக்கும் காயமில்லை.

இன்ஜினை அணைக்கவில்லை என்பது முக்கியம். மிதிக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர் இன்ஜின் வெற்றிடத்தில் வேலை செய்வது. அணைத்துவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு உதவி நின்றுவிடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு, சாவியையும் திருப்பி இறக்குகிறவர்கள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள்.

நின்ற இடத்தில் எடுத்த முடிவுகள்

முதல் வேலையாகக் கல் வைத்தார். முன்சக்கரங்களுக்குக் கீழ்ப்பக்கம் இரண்டு கல், பிறகு ரிவர்ஸ் கியர். இறக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிற்கக் கூடாது.

பின்னால் வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் தண்ணீர் பாட்டிலோடு இறங்கி வந்து சக்கரத்தில் ஊற்றப் போனார். ஆசிரியர் தடுத்துவிட்டார். நல்ல சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு டிஸ்க்கில் பச்சைத் தண்ணீர் பட்டால் கோணும், சில நேரம் விரிசலும் விடும்.

முக்கால் மணி நேரம் போனதும் பெடலை மிதித்துப் பார்த்திருக்கிறார். கெட்டியாக மேலேயே நின்றது. மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் எடுத்தவன் என்பதால் அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, பெடல் திரும்பக் கெட்டியா வந்துருச்சு. ஃபர்ஸ்ட் கியர்லயே எறங்கிடட்டுமா? பொழுது சாயுது, இங்க யானை வர்ற எடம். அம்மாவை வெச்சுக்கிட்டு நிக்க முடியாது.”

“வேண்டாம் சார். அம்மாவையும் அக்காவையும் ஏதாவது வண்டில ஏத்தி அனுப்பிருங்க. காரை ரெக்கவரி வண்டில இறக்கிக்கலாம்.”

யானையைப் பற்றி அவர் சொன்னது மிகையல்ல. பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கே வரும். இருட்டும் நேரத்தில் அங்கே நிற்பதும் ஆபத்துதான். ஆனாலும் ஓட்ட வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. பெடல் திரும்ப வந்ததால், சூட்டில் ஆயில் கொதித்து உண்டான ஆவி ஆறித் திரவமாகிவிட்டது என்பது மட்டும்தான் நிச்சயம். ஆயிலில் கலந்த ஈரம் அப்படியே இருக்கிறது. எந்தச் சக்கரம் இப்படிச் சூடானது என்பதும் தெரியாது. இறக்கமும் பாக்கி. முதல் முறை ஆனதைவிட இரண்டாம் முறை சீக்கிரமே ஆகும், ஏனென்றால் டிஸ்க்கும் கேலிப்பரும் முழுதாக ஆறியிருக்காது.

தெரிந்த ஒருவரின் டாக்சி அடுத்த அரைமணியில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டது. ரெக்கவரி வண்டி வரும்வரை ஆசிரியர் நடந்து போய்ச் செக்போஸ்ட்டில் காத்திருந்தார். இரவில் கார் மேட்டுப்பாளையத்தில் ஓர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச்சேர்ந்தது.

கழற்றிப் பார்த்ததில்

மறுநாள் நானும் போயிருந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. புதிதாக இருக்கும்போது அது கிட்டத்தட்ட நிறமற்றதாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, ஆனாலும் ஒர்க்‌ஷாப்பில் இருந்த பேனா வடிவச் சோதனைக் கருவியும் 4 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று சிவப்பைக் காட்டியது. அந்தக் கருவி துல்லியமானதல்ல. இந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டும்போது சந்தேகப்படவும் இடமில்லை.

டாட் 3 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. சுமார் 3.7 சதவீதம் ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இவை 230, 155. இந்தக் காரில் இருந்தது டாட் 3, ஒன்பது வருடப் பழசு, மேலே ஊற்றியதும் ஈரம் ஏறியது.

வலது முன்சக்கர டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. பேடுகளின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பு. வெளிப்பேடு ஒரு முனையில் அதிகமும் மறுமுனையில் குறைவுமாகத் தேய்ந்திருந்தது. இந்த வகைக் கேலிப்பரில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான். பிரேக் மிதித்தால் உள்பேடு டிஸ்க்கைத் தொடும், பிறகு கேலிப்பர் முழுதும் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்தால் அதே வழியில் தளர வேண்டும். இங்கே ஒரு பின் நகரவே இல்லை. பெட்ரோலியக் கிரீஸ் பட்டு ரப்பர் ஊதிப்போய்ப் பின்னைக் கவ்விக்கொண்டிருந்தது. ஆக, அந்தச் சக்கரத்தில் காலை எடுத்த பிறகும் பிரேக் பாதி பிடித்தபடியே கார் பல மாதம் ஓடியிருக்கிறது. குளிர்காலத்தில் வலதுபக்கம் இழுத்ததும் கருப்புத் தூளும் இதனால்தான்.

இடது முன்சக்கரத்திலும் அதே கிரீஸ். அந்தப் பின் கெட்டியாக, ஆனால் நகரும் நிலையில் இருந்தது. பின்சக்கர டிரம்கள் பழுதில்லை, டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் உள்ள இடைவெளி மட்டும் அதிகம்.

ஏன் அன்று, ஏன் அந்த இடத்தில்

இதே கார் இதே நிலையில் பல மாதம் ஓடியிருக்கிறது, கோயம்புத்தூர் போய்வந்திருக்கிறது. அன்று மட்டும் ஏன்?

கோத்தகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். ஆட்களும் மூட்டையுமாக 1,100 கிலோ எடையுள்ள கார் 1,500 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 16 மெகாஜூல். அறைச்சூட்டில் இருக்கும் 45 லிட்டருக்கும் மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். டயர் உருளும் தடையும் காற்றும் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை இன்ஜினும் பிரேக்கும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும்பங்கு இன்ஜினுக்குப் போகும். மூன்றாம் கியரில் ஊர்ந்தால் பெரும்பங்கு பிரேக்குக்கு. ஊரும் வேகத்தில் டிஸ்க் மேல் அடிக்கும் காற்றும் குறைவு. இதில் வலது முன்சக்கரம் விடவே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கேலிப்பருக்குள் இருந்த ஆயில் கொதித்துவிட்டது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. மிதித்த மிதி ஆவியை அமுக்குவதிலேயே போயிற்று.

பழைய ஆயில் மட்டும் இருந்திருந்தாலோ, கேலிப்பர் பின் மட்டும் கவ்வியிருந்தாலோ, பாதை மட்டும் காலியாக இருந்திருந்தாலோ அன்றும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த நிம்மதியில் இன்னொரு வருடமும் போயிருக்கும்.

பழுது நீக்கியதும் யார் எதைச் செய்வது என்பதும்

“இனிமே ஸ்பேனரைத் தொடவே கூடாதுங்க” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் எல்லா வேலையையும் வெளியே கொடுப்பதுதான் தீர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. காரைக் கவனித்துப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். வருடம் ஒருமுறை வண்டியைத் தொடும் கடைக்காரருக்கு ரிம்மில் படியும் தூளின் வித்தியாசம் கண்ணில் படாது. பேசி ஒரு பிரிவுக்கு வந்தோம்.

இரண்டு கேலிப்பரின் ரப்பர்கள், பின்கள், வலது டிஸ்க், பேடு, மாஸ்டர் சிலிண்டர் சோதனை, பின்சக்கர ஷூ சரிக்கட்டல் ஆகியவை ஒர்க்‌ஷாப்பில் நடந்தன. சூடு ஏறியதில் ரப்பர் கெட்டியாகியிருக்கும் என்பதால் பிஸ்டன் சீலையும் மாற்றச் சொன்னோம். கையேடு அனுமதித்ததால் டாட் 4 ஊற்றப்பட்டது. டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே இனம், கலந்தாலும் கெடுதல் இல்லை. டாட் 5 என்பது சிலிகோன், அதை இதில் ஊற்றவே கூடாது.

பிரேக் ஆயில் மாற்றும் வேலையை அடுத்த முறையிலிருந்து அவரே செய்வது என்று ஏற்பாடு, முதல் தடவை நான் பக்கத்தில் இருக்க. பிரச்சினை இடம்தான். அவர் வீட்டு வாசல் சரிவு. சரிவில் ஜாக்கி போட்டுச் சக்கரம் கழற்றுவதை இத்தனை வருடமும் அவர் ஒரு கல்லை நம்பிச் செய்துவந்திருக்கிறார். பிரேக்கைவிட எனக்கு அதுதான் பயம் தந்தது. இப்போது ஊர் மைதானத்துச் சமதளத்தில்தான் ஜாக்கி ஏறும், கூடவே இரண்டு ஸ்டாண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவது ஸ்டாண்டின் வேலை.

பழைய ஆயிலையும் குழாயில் உள்ள காற்றையும் வெளியேற்றும், ஏர் எடுக்கும் வேலையில் பெடலில் உட்கார்ந்தவர் அவர் மனைவி. “அழுத்து… பிடி… விடாதே” என்று இவர் கீழே இருந்து சொல்ல, சக்கரத்தில் உள்ள ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூடுவது, குழாயின் மறுமுனை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியபடி. பெடலைத் தரைவரை மிதிக்காமல் கீழே ஒரு மரக்கட்டை வைத்தோம். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வழக்கமாக சீல் போகாத ஆழத்தில் துரு இருக்கலாம், அதில் உரசினால் சீல் கிழியும். மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அது நான். கையேடு சொன்ன வரிசையில் நான்கு சக்கரம். ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருந்தால் சில மாடல்களுக்குக் கணினிக் கருவி தேவைப்படும். அப்படியானால் இதை வீட்டில் செய்ய நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

மிச்சமான அரைப் பாட்டில் கழிவு ஆயிலோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனது. இதற்கு அவர் கொஞ்சம் முனகினார்.

அதன் பிறகு

நோட்டில் நான்காவது கட்டமாகத் தேதி வந்தது. அதை எழுதும்போதுதான் மற்றவையும் தெரியவந்தன. டயர் நான்கும் கார் வாங்கியபோது வந்தவை. டயர் பட்டன் (தரையில் படும் பக்கத்து வெட்டுகள்) நன்றாக இருந்ததால் யாரும் நினைக்கவில்லை. டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். படித்துப் பார்த்துவிட்டு அந்த மாதமே மாற்றினார். கூலன்ட்டும் அதேபோல் வருடக்கணக்குக்கு மாறியது.

ஒவ்வொரு முறை இறங்கி மேட்டுப்பாளையம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, தொடாமல் சூடு பார்க்கும் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டரால் இரண்டு முன் டிஸ்க்குகளையும் பார்க்கிறார். எத்தனை டிகிரி என்பது வெயிலையும் கூட்டத்தையும் பொறுத்து மாறும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் குறிக்கிறார். இதுவரை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அரவேணுவிலிருந்தே இரண்டாம் கியர். கூட்டம் ஊர்ந்தால் முதல் கியர். பின்னால் ஹாரன் அடிப்பவர்களுக்கு ஒதுங்கி வழி விடுகிறார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

சிவப்பு விளக்கு எரிந்த நாளிலேயே சக்கரத்தைக் கழற்றிப் பேடு கனத்தைப் பார்த்திருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும். ஆயில் ஊற்றுவது பார்த்த பிறகு செய்யும் வேலை. அதுவும் அன்று சீல் உடைத்த பாட்டிலிலிருந்து.

கேலிப்பர் பின்னுக்கு அதற்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸ் சின்னப் பாக்கெட்டாகவே கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. பேடு வாங்கும்போதே கேட்டு வாங்கலாம், கடைக்காரர்கள் தாமாகத் தருவது அரிது. மாற்றிய பிறகு சக்கரம் தூக்கியிருக்கும்போதே பிரேக்கை மிதித்து விட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இலேசான உரசல் இருக்கலாம், இரண்டு பக்கமும் ஒரே அளவு சுற்ற வேண்டும். ஆசிரியர் இதைச் செய்யாமல் ஊர்ச் சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டார். கேலிப்பர் பின் கவ்வியது உடனே அல்ல, ரப்பர் ஊதுவதற்குச் சில மாதமானது என்பதால், இதே சோதனையை ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றத்தின்போதும் திரும்பச் செய்வது நல்லது. அவரும் அதை நோட்டில் சேர்த்திருக்கிறார்.

பின்சக்கர டிரம்மை மட்டும் இன்றும் அவர் திறப்பதில்லை. ஸ்பிரிங்குகள் அதிகம், இடமும் வலமும் மாறினால் தெரியாது என்கிறார். வருடம் ஒருமுறை மேட்டுப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் அதைக் கொடுக்கிறார். கொடுத்த தேதி நோட்டில் இருக்கிறது.